கேடி லிஸ்ட்டும் ஸ்டேஷன் பலகையும்

'கேடி' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 'கேடு' என்பதிலிருந்து வந்திருக்கும்னு நினைக்கறவங்க நிறைய பேர். அது நல்ல தமிழ்ச் சொல்லும் இல்லை, கெட்ட தமிழ்ச் சொல்லும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து போலீஸ் ஏடுகளில் 'நோன் டெப்ரிடேட்டர்' என்று ஒரு வகை இருந்தது. போலீசுக்கு ஏற்கெனவே தெரிந்த களவாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்துகள்தான் கே, டி. ஸ்டேஷன் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்து, பாட்டி பேரனைச் செல்லமாகத் திட்டும் 'சரியான கேடிப்பய' வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அதே ஏட்டுக்குப் பக்கத்தில் இருப்பது 'ஹிஸ்டரி ஷீட்'. நம்ம செய்தித்தாள்கள் இதை 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என்று மொழிபெயர்த்து எழுதுகின்றன. சரித்திரத்தில் இடம் பிடிக்க கல்கி நாவலில் வரணும்னு அவசியமில்லை, பேட்டை ஸ்டேஷனில் ஒரு ஷீட் திறந்தால் போதும் :-)

சிரிப்பு இருக்கட்டும். கேள்வி சீரியஸானது. இ-1 மயிலாப்பூர், ஆர்-1 மாம்பலம், ஜே-2 அடையாறு என்று நம்ம பக்கத்து ஸ்டேஷன் எதை எடுத்துக்கொண்டாலும் சரி, அங்கே இன்றைக்கு யாரைப் பிடித்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ளலாமா? தெரிந்துகொள்ளலாம் என்றால் எதுவரைக்கும்? பிடிபட்டவனுக்கு, புகார் கொடுத்தவளுக்கு, விடுதலையானவனுக்கு, இவர்களுக்கெல்லாம் மறைவு என்று ஒன்று உண்டா இல்லையா?

இதற்கு விடை சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை. இந்த ஊரின் ஐம்பது, அறுபது வருஷச் சரித்திரத்திலும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூட்டி வைத்த ஏடு

முதலில் கேடி லிஸ்ட் மாதிரியான ஏடுகள். இவை போலீசின் சொந்த ஞாபகசக்தி. பொதுமக்கள் பார்ப்பதற்காக எழுதப்பட்டதே இல்லை. பெயர் இருப்பவனுக்கே தன் பெயர் இருப்பது தெரியாமல் போகலாம்.

இந்த மாதிரி ஏடுகளுக்கு நம்ம மாகாணத்தில் மோசமான ஒரு பின்னணி உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே வந்தது. 1911-ல் திருத்தி எழுதிய பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் திருடினானா என்பது கேள்வியே இல்லை, எந்தச் சாதியில் பிறந்தான் என்பதே போதும், கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதை எதிர்த்து உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். ஒரு ஏட்டில் பெயர் ஏறுவதை எதிர்த்துச் செத்தவர்கள் அவர்கள். 'பேர் எழுதிக்கறதுல என்ன சார் இருக்கு' என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு டெல்லி வழக்கில் ஹிஸ்டரி ஷீட்டைப் பற்றி விரிவாகப் பேசியது. அது போலீசின் உள் ஆவணம், பொதுவெளியில் வரக்கூடாது. வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகளின் விவரத்தை அதில் கண்டபடி எழுதக்கூடாது. பின்தங்கிய சமூகங்களில் பிறந்தவர்கள் என்பதற்காக யார் பெயரையும் இயந்திரத்தனமாக ஏற்றக்கூடாது. எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளைப் பார்த்துத் திருத்த வேண்டும் என்றும் சொன்னது. குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்து எழுபது வருஷத்துக்கு மேலான பிறகும் ஒரு நீதிமன்றம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அப்போ போலீஸ் ஏட்டைப் பூட்டியே வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் இல்லை. பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று சென்னை 1976-ல் பார்த்துவிட்டது.

வர முடியாதவர்களின் பட்டியல்

1976 ஜனவரி 31, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் கைதுகள் ஆரம்பித்தன. மிசாவின் விசேஷம் என்னவென்றால், ஏன் பிடித்தோம் என்று பிடிபட்டவனிடமும் சொல்ல வேண்டாம், நீதிமன்றத்திடமும் சொல்ல வேண்டாம். பத்திரிகைகளுக்கு தணிக்கை. கைதானவர்களின் பெயரை அச்சிட முடியாது. கோபாலபுரத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போனால் அடுத்த தெருவுக்கு வாய்வழியாகத்தான் சேதி போக வேண்டும்.

பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைய 'முரசொலி'யில் மாவட்டவாரியாகப் பெயர்கள் வந்தன. அண்ணா சமாதிக்கு மலர் வளையம் வைக்க வர முடியாதவர்கள் இவர்கள் என்று ஒரு பட்டியல். அவ்வளவுதான். ஏன் வர முடியவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. தணிக்கை அதிகாரிக்கும் புரிந்திருக்கும், ஆனால் அப்போது பட்டியல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

கருணாநிதியின் அரசியலை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் வெளிவந்த கைதுப் பட்டியல்களிலேயே முக்கியமானது அதுதான். ஒரு பெயர் வெளியே தெரிந்திருப்பது எத்தனை பெரிய பாதுகாப்பு என்பது அந்த வருஷம் சென்னை மத்தியச் சிறைக்குள் நடந்ததைப் படித்தால் புரியும். முன்னாள் மேயரும் எம்.பி.யுமான சிட்டிபாபு அங்கே அடிபட்டு, 1977 ஜனவரியில் இறந்துபோனார். சிறையில் நடந்த கொடுமைகளை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிற்பாடு விசாரித்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மனிதருக்கே அந்த கதி. பெயர் தெரியாதவர்களின் கதி?

ஆக, கைது ஏட்டைப் பொதுவில் வை என்று கேட்பது பக்கத்து வீட்டுக்காரன் வம்பு தெரிந்துகொள்வதற்காக இல்லை. போலீஸ் கூட்டிப் போன ஆள் காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. யார் பிடிபட்டார் என்பதைவிட, யார் பிடித்தார், எப்போது பிடித்தார் என்பதுதான் அதில் முக்கியமான தகவல்.

பலகை வந்தது

இந்தப் புரிதல் சட்டமாக இருபது வருஷம் ஆனது. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணச் செய்திகளைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு 1986-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்கானது. தீர்ப்பு 1996 டிசம்பர் 18-ல் வந்தது. பிடிக்கிற போலீஸ்காரர் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். கைது செய்த நேரமும் தேதியும் போட்டு, ஒரு சாட்சி கையெழுத்தோடு குறிப்பு எழுத வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்க வேண்டும். கைது நடந்த 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போய், அங்கே கண்ணில் படும்படி பலகையில் எழுத வேண்டும்.

'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' கையில் மாவுக்கட்டோடு நிற்கிற படங்கள் நம்ம வாட்ஸப்பில் சுற்றுகின்றனவே, அந்தக் கைக்கு எப்போது என்ன ஆனது என்று கேட்பதற்கான விதிகள்தான் இவை. வழுக்குகிற பாத்ரூமுக்குப் பெயின்ட் அடிப்பதைவிட நேரத்தை ஒழுங்காக எழுதி வைப்பது சுலபம்.

பிறகு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41-சி என்ற பிரிவாக நுழைந்து, 2010 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே பலகை. அதில் இரண்டு விஷயம்: கைதானவரின் பெயர், முகவரி. கைது செய்த அதிகாரியின் பெயர், பதவி. தராசு மாதிரி இரண்டு தட்டு.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்ததில்லையா, அதில் இதே விஷயம் 37-வது பிரிவு. எடுத்துப் படித்துப் பாருங்கள். நல்ல முன்னேற்றம் ஒன்று உண்டு, மாவட்டத் தலைமையகத்தில் மட்டும் இல்லாமல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தகவல் வைக்க வேண்டும். அதற்குப் பொறுப்பாக ஏ.எஸ்.ஐ.க்குக் குறையாத ஒரு ஆள் இருக்க வேண்டும். கைதானவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை, இவற்றை டிஜிட்டல் முறையிலும் காட்டலாம்.

சரி, பிடித்த அதிகாரியின் பெயர்? அந்தப் பிரிவில் அது இல்லை. சட்டையில் பெயர் தெரிய வேண்டும் என்ற விதி வேறு பிரிவில் அப்படியே இருக்கிறது. ஆனால் பலகையில் தராசின் ஒரு தட்டைக் கழற்றிவிட்டார்கள். போலீசைக் கண்காணிக்க வந்த பலகை, பிடிபட்டவனை மட்டும் காட்டுகிற பலகையாக, அதுவும் கம்ப்யூட்டரில் காட்டக்கூடிய பலகையாக மாறியிருக்கிறது. சத்தமில்லாமல் நடந்த மாற்றம். எனக்கு இந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திருவான்மியூரும் 'தனிமனித மறைவும்'

மறைவு, அந்தரங்கம் என்ற சொற்களை அரசாங்கமே கேடயமாகத் தூக்கிய கதையும் நம்ம தென்சென்னையில்தான் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் திருவான்மியூரைக் கலக்கிய ஆட்டோ சங்கர் வழக்கு எல்லோருக்கும் தெரியும். ஆறு கொலைகள், 1991-ல் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் தூக்குத் தண்டனை. அவர் சிறையில் இருந்தபடி தன் கதையை எழுதினார். தன்னோடு தொடர்பு வைத்திருந்ததாகச் சில உயர் அதிகாரிகளைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார். 'நக்கீரன்' அதைத் தொடராகப் போடப் போவதாக அறிவித்தது.

1994 ஜூனில் சிறைத்துறைத் தலைமையிடமிருந்து பத்திரிகைக்குக் கடிதம் வந்தது: அது பொய், அவதூறு, போடக்கூடாது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபர் 7-ல் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் இந்தியாவில் அந்தரங்க உரிமை பற்றி யார் பேசினாலும் 'ராஜகோபால் வழக்கு' என்று இதைத்தான் முதலில் சொல்வார்கள். ராஜகோபால் என்பது வேறு யாருமில்லை, நக்கீரன் கோபால்தான்.

தீர்ப்பின் சாரத்தை நம்ம பாஷையில் சொன்னால் இப்படி. ஒன்று, ஒவ்வொருவருக்கும் தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லும் உரிமை உண்டு. இரண்டு, ஒரு விஷயம் பொது ஆவணத்தில், கோர்ட் ஆவணத்தில் ஏறிவிட்டால் அதைப் பற்றி எழுதலாம், யாரும் மறைவு கோர முடியாது. மூன்று, இதற்கு ஒரு விதிவிலக்கு, பாலியல் குற்றத்துக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர் வெளியே வரக்கூடாது. நான்கு, அரசு அதிகாரி தன் அலுவல் கடமை சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்தரங்கம் என்று சொல்லி ஒளிந்துகொள்ள முடியாது, வெளியிடுவதற்கு முன்பே தடுக்கவும் முடியாது.

முப்பது வருஷத்துக்கு முன்னாடி, ஒரு கொலைக் கைதியின் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு போட்ட கோடு இது. ரொம்பத் தெளிவான கோடு. ஒளிய வேண்டியது யார், ஒளியக் கூடாதது யார் என்று நாலு வரியில் இருக்கிறது. தூக்குத் தண்டனை 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் நிறைவேறியது. கோடு மட்டும் இருக்கிறது.

கோட்டூர்புரத்தில் அழிந்த கோடு

2016-ல் இளம் வழக்கறிஞர்கள் சங்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல உத்தரவு போட்டது. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், நெட் சரியில்லாத இடமென்றால் அதிகபட்சம் 72 மணி நேரம். அமர்வில் இருந்த இருவரில் ஒருவர் நம்ம ஊர் நாகப்பன். முதல் வரியில் 'இன்னார் மீது' என்று தன் பெயர் இருப்பதே தெரியாமல் அலைந்தவனுக்கு இது பெரிய விஷயம். முன்னெல்லாம் எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்க எத்தனை டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது என்று பழைய வக்கீல் குமாஸ்தாக்களைக் கேளுங்கள். அதே உத்தரவில், பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் மாதிரியான வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். ஏறக்கூடாது என்றும் இருக்கிறது. 2018-ல் இன்னொரு தீர்ப்பில் இதை மறுபடி அழுத்திச் சொன்னார்கள்.

2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. அவர் துணிந்து கோட்டூர்புரம் மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். அடுத்து என்ன நடந்தது? அவருடைய பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருந்த எஃப்.ஐ.ஆர். அரசாங்கத்தின் கம்ப்யூட்டரிலிருந்தே வெளியே வந்து ஊரெல்லாம் சுற்றியது.

ஐ.பி.சி.யிலிருந்து புதிய பி.என்.எஸ்.க்கு மாறியதில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இருக்கலாம் என்று தேசிய தகவல் மையம் விளக்கம் கொடுத்தது. 376 என்ற எண் 64 ஆகிவிட்டது, கம்ப்யூட்டருக்கு அதை யார் சொல்வது? சட்டம் எழுதியவர்களுக்கு எண் மாறியது தெரியும், ஒரு பெண்ணின் போன் நம்பர் அந்த எண்ணுக்குப் பின்னால் பூட்டப்பட்டிருக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

டிசம்பர் 28, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், லட்சுமிநாராயணன் அமர்வு மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. எஃப்.ஐ.ஆர். கசிந்ததற்காக அந்த மாணவிக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றது. எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட தோரணையே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்வது மாதிரி இருக்கிறது என்றும் கண்டித்தது. குற்றவாளிக்கு 2025 ஜூன் 2-ல் மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 30 வருஷம் குறைக்கவே முடியாதபடி. வழக்கு சீக்கிரம் முடிந்தது, பாராட்டலாம். ஆனால் வெளியே போன போன் நம்பரை எந்தக் கோர்ட்டாலும் திரும்ப உள்ளே கொண்டுவர முடியாது. அடுத்த பெண் புகார் கொடுக்கலாமா என்று யோசிக்கும்போது அந்த நம்பர் அவள் ஞாபகத்தில் வரும்.

திருவான்மியூரையும் கோட்டூர்புரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் அடையாறைச் சுற்றித்தான். 1994-ல் தன் அதிகாரிகளைப் பற்றிய எழுத்தை மறைக்க அரசாங்கம் டெல்லி வரை போய் வாதாடியது. 2024-ல் ஒரு பெண்ணின் பெயரை மறைக்கும் கடமை இருந்தபோது பூட்டு போட மறந்துவிட்டது. எங்கே அக்கறை, எங்கே அலட்சியம் என்பது தெரிகிறதில்லையா?

விடுதலையானவர்கள் பாடு

இதுவரை போலீஸ், புகார்தாரர். மூன்றாவது ஆள், பிடிபட்டு, வழக்கு நடந்து, கடைசியில் குற்றமில்லை என்று வெளியே வந்தவர்.

நம்ம ஊரில் இதற்குப் பெரிய உதாரணம் பாகவதர். மஞ்சள் பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். டிசம்பரில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது. 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் நாயகன் சிறையில். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலை. கலைவாணர் மறுபடி எழுந்துவிட்டார். பாகவதர்? 'ராஜமுக்தி' ஓடவில்லை, அடுத்தடுத்து எதுவும் சரியாகப் போகவில்லை, 1959-ல் காலமானார். கோர்ட் அவரை விடுவித்தது, கைது விடவில்லை.

பாகவதராவது பாகவதர். சாதாரண ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பரில் வயசு, அப்பா பெயர், தெருப் பெயரோடு 'கைது' என்று செய்தி வருகிறது. நாலு வருஷம் கழித்து விடுதலை. அது எந்தப் பேப்பரில், எந்தப் பக்கத்தில் வந்தது? வராது. தமிழ்நாடு போலீஸ் பணி விதிகளில் ஒரு விளக்கம் உண்டு. சந்தேகத்தின் பலனை அளித்தோ, சாட்சி பிறழ்ந்ததாலோ விடுதலையானவரை 'கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவர்' என்றே கருதி வேலை மறுக்கலாம். 2008-ல் உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றது. கான்ஸ்டபிள் வேலைக்கு ஓடி, குதித்து, கயிறு ஏறித் தேர்வான பையன், எப்பவோ தெருச் சண்டையில் பெயர் சேர்க்கப்பட்டதற்காக வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இணையம் வந்தபின் இது இன்னும் மோசம். விடுதலையான ஒருவர், தன் பெயரைத் தட்டினால் தீர்ப்பு வருகிறது, பெயரை நீக்குங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-ல் தனி நீதிபதி, அதற்குச் சட்டம் வரட்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. தீர்ப்பு என்பது பொது ஆவணம், ஆளாளுக்கு நீக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை.

அந்தக் கவலையும் நியாயம்தான். ஏன் என்றால், கைது ஏடுதான் நாளைய சரித்திரம். 1982 மே 19, தி.நகர் பாண்டி பஜாரில் இரண்டு இலங்கைத் தமிழ் இளைஞர்கள் துப்பாக்கிச் சண்டை போட்டார்கள். ஒருவர் பிரபாகரன், மற்றவர் உமா மகேஸ்வரன். சென்னை போலீஸ் இருவரையும் பிடித்தது, கோர்ட் நிபந்தனை ஜாமீன் கொடுத்தது, ஒருவர் மதுரைக்குப் போனார். துணி வாங்கவும் பொட்டு வாங்கவும் வந்த கூட்டத்துக்கு நடுவே நடந்த அந்தக் கைதின் காகிதங்கள் இல்லாமல் ஈழப் போராட்டத்தின் வரலாற்றை எழுத முடியுமா?

இன்னொரு பக்கமும் உண்டு. 1972 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு பென்ஷன் திட்டம் கொண்டுவந்தது. ஆறு மாசம் ஜெயிலில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். வெள்ளைக்காரன் அவமானமாக நினைத்து எழுதிய சிறைப் பதிவைத் தேடி, வயசான தாத்தாக்கள் படியேறினார்கள். ஒரே காகிதம்தான், ஆட்சி மாறியதும் களங்கம் கௌரவமாகிவிட்டது. அதைக் கிழித்துப் போட்டிருந்தால்?

அப்போ என்னதான் செய்வது?

ஏட்டை அழிக்கவும் கூடாது, தட்டினால் கொட்டுகிற மாதிரி வைக்கவும் கூடாது. எனக்குத் தோன்றுவது இது. பலகை இருக்கட்டும், ஆனால் அன்றைய கைதைச் சொல்லும் பலகையாக இருக்கட்டும். மூணு வருஷத்துக்கு முந்தைய கைதைத் தேடித் தரும் யந்திரமாக வேண்டாம். பிடித்த அதிகாரியின் பெயரும் நேரமும் அதில் திரும்ப வரட்டும். புகார் கொடுத்தவர் விவரம் எந்தப் பிரிவு எண்ணையும் நம்பாமல் தானாகவே மறையட்டும். விடுதலையானவர் பெயருக்குப் பக்கத்தில் 'விடுதலை' என்று அதே அளவு எழுத்தில் ஏறட்டும். முழு ஏடு எங்கே போகும்? ஆவணக் காப்பகத்துக்கு, உரிய காலம் கழித்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கு.

நடப்பதோ வேறு திசை. குற்றப்பத்திரிகையை இணையத்தில் போடத் தேவையில்லை, அது பொது ஆவணம் இல்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, 'இவன் மேல் புகார்' என்கிற எஃப்.ஐ.ஆர். பொதுவில், போலீஸ் என்ன கண்டுபிடித்தது என்கிற காகிதம் உள்ளே. தகவல் உரிமைச் சட்டத்தில் 'தனிப்பட்ட தகவல்' என்ற விதிவிலக்கில், பொது நலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே ஒரு வாசல் இருந்தது. டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகங்களை எடுத்துவிட்டது, 2025 நவம்பரில் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பொதுவான பொது நலப் பிரிவு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆனால் நாளைக்கு ஒரு போலீஸ் அதிகாரி மேல் எத்தனை புகார் என்று கேட்டால் 'அது அவருடைய தனிப்பட்ட தகவல்' என்று பதில் வர வாய்ப்பு கூடியிருக்கிறது. 1994-ல் தோற்ற வாதம் கொல்லைப்புற வழியாக வருகிறது.

இதை மாற்றப் பெரிய போராட்டம் ஒன்றும் வேண்டாம். அடுத்த தடவை பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கோ, தொலைந்த செல்போனுக்கோ உங்கள் பேட்டை ஸ்டேஷனுக்குப் போனால், கைது விவரப் பலகை எங்கே சார் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். 37-வது பிரிவு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருந்தாக வேண்டும். பொறுப்பான ஏ.எஸ்.ஐ. யார் என்றும் கேளுங்கள். பலகை இருந்தால் யார் பிடிபட்டார் என்பதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, யார் பிடித்தார் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று ஒரு மனு போடுங்கள். மனுவுக்குச் செலவு பத்து ரூபாய்தான்.